காற்றில் ஈயம் பார்த்த நோல்ஃபா

நோல்ஃபா அர்கன்தோன்யா மூன்று நாளைக்கு ஒருமுறை தீயணைப்பு நிலையத்தின் மொட்டைமாடிக்கு ஏறுவாள். சான் லினோ துறைமுகத்தில் அதைவிட உயரமான கட்டடம் மாதா கோவில் ஒன்றுதான். மாடியில் ஒரு இரும்புக் கூண்டுக்குள் காற்றை உறிஞ்சும் பம்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வடிதாள். வைக்கும்போது வெள்ளையாக இருப்பது எடுக்கும்போது சாம்பல் பூத்துப்போய் வரும். இடுக்கியால் அதை எடுத்து, டப்பியில் போட்டு, தேதி எழுதி, மத்தியானப் பஸ்ஸில் தலைநகருக்கு அனுப்பிவிடுவாள். நாற்பது நாள் கழித்துப் பதில் வரும்: ஈயம், வரம்புக்குள்.

பதினோரு வருஷமாக இதுதான் அவளுடைய வேலை. அதற்கு முன்னால் பதினேழு வயதிலிருந்து மீன்தூள் ஆலையில் இருந்தாள். நெத்திலி வராமல்போய் ஆலையை மூடினார்கள். அதே வருஷம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷனும் தெற்கே போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பண்ணிக்கொண்டான். நோல்ஃபா ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் நகராட்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்ன வேலை என்று கூடக் கேட்காமல் போய் வரிசையில் நின்றாள். ஒரு வேலையைத் தன்னால் முடியாது என்று அதைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் அவள் சொன்னதாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

"நாப்பது நாளைக்கு முந்தி நாம இழுத்த மூச்சு நல்ல மூச்சாம்" என்பாள், தாளில் வந்த பதிலைக் கேப்டன் ஒனோஃப்ரேயிடம் நீட்டி. "அப்ப இன்னிக்கு மூச்சு?"

ஒனோஃப்ரே தீயணைப்புப் படைக்குக் கேப்டன். நெருப்புப் பிடிக்காத நேரத்தில் ரொட்டிக் கடைக்காரர். எங்கள் ஊர்ப் படையில் சம்பளத்துக்கு யாரும் கிடையாது.

"அதுக்கு இன்னும் நாப்பது நாள் பொறுத்துக்க, நோல்ஃபா. அவசரப்பட்டா மூச்சு முட்டிடும்."

சிரிப்பாகத்தான் இருந்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை. நூற்று நாற்பது பிள்ளைகளில் அறுபத்துமூன்று பேருடைய ரத்தத்தில் ஈயம். அதில் ஒருத்தி மாய்ரா. நோல்ஃபாவின் அக்கா பேத்தி, ஏழு வயது. மலைமேல் சுரங்கத்திலிருந்து ஈயமும் துத்தநாகமும் கலந்த தாதுப்பொடி ரயிலில் இறங்கி, துறைமுகக் கிடங்கில் தங்கி, கப்பலேறுவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் சொன்னது வேறு: அந்தக் காலத்தில் பொடியை வெட்டவெளியில் குவித்திருந்தார்கள், அது மண்ணில் கலந்துபோயிற்று, காற்றடித்தால் பழைய மண் பறக்கிறது, இப்போது கிடங்கு மூடிய கிடங்கு, வடிதாளைப் பாருங்கள், வரம்புக்குள்தான் இருக்கிறது.

நோல்ஃபாவின் வடிதாள் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஜூன் மாதம், எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கும் சமயம், தெற்கிலிருந்து ஒரு பல்கலைக்கழக வண்டி வந்தது. இறங்கியவள் பெயர் ஐலின் கொலிப்பான். முப்பது வயதுகூட இருக்காது, இயற்பியலில் டாக்டர் பட்டம். அவள் கொண்டுவந்த இயந்திரம் பெரிய குளிர்சாதனப் பெட்டி அளவில் இருந்தது. ஐந்து தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றினார்கள்.

"உங்க தாள் மூணு நாள் முழுக்க வர்ற தூசியைச் சேர்த்து வைக்குது, நோல்ஃபாக்கா" என்றாள் ஐலின். "இது சேர்த்து வைக்காது. காத்தை உள்ள இழுத்து, நொடிக்குப் பத்து தடவை லேசரால அடிக்கும். அந்த அடியில தூசி அப்படியே பொறியாப் பத்திக்கும். ஒவ்வொரு உலோகத்துக்கும் பத்திக்கும்போது ஒரு தனி வெளிச்சம் உண்டு. ஈயத்தோட வெளிச்சம் துத்தநாகத்துக்கு வராது, துத்தநாகத்தோடது செம்புக்கு வராது. அதைப் பிரிச்சு இந்தத் திரையில கோடு கோடாக் காட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முடிவு."

"பத்து நிமிஷமா?" நோல்ஃபா திரும்பி ஒனோஃப்ரேயைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா?"

நாலு மாதத்துக்கு இயந்திரம் இங்கே. ஐலினுக்கு வகுப்பெடுக்க வேண்டும், திரும்பிப் போயாக வேண்டும். பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும், இன்ஜினியர் யாராவது இருந்தால் நல்லது என்று நகராட்சியில் கேட்டாள். நோல்ஃபா குறுக்கே புகுந்தாள்.

"இன்ஜினியருங்க எல்லாம் கம்பெனியில இருக்காங்க. நான் இங்க இருக்கேன். எங்கிட்ட சொல்லிக்குடுங்க டாக்டர். புரியலைன்னா புரியலைன்னு சொல்லிடுவேன், தலையாட்டிட்டு மறைக்க மாட்டேன்."

பதினைந்து நாள் கற்றுக்கொண்டாள். கண்ணாடி ஜன்னலில் உப்பு படிந்தால் வெளிச்சம் மங்கும் என்பதால் தினமும் காலை ஏழரைக்கு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். கோடுகளை முகம் தெரிந்த ஆட்கள் மாதிரி அடையாளம் பிடித்தாள். கடற்கரை ஊர் என்பதால் சோடியத்தின் மஞ்சள் கோடு எப்போதும் நெடுநெடுவென்று நிற்கும். மண் பறந்தால் கால்சியம் எழும்பும். துத்தநாகம் நீலத்தில். ஈயம் ஊதாவின் கடைசியில், திரையின் அளவுகோலில் நானூற்று ஐந்து புள்ளி எட்டில். பெட்டிக்குள் பொறி விழும் சத்தம் டிக் டிக் டிக் என்று கேட்டபடி இருக்கும். அந்தச் சத்தம் லேசாகப் பிசகினாலும் லேசர் தளர்கிறது என்று சொல்லிவிடுவாள். ஐலின் ஊருக்குப் போகும்போது, "என்கிட்ட படிக்கிற பசங்களுக்கு இது மூணு மாசம் ஆகும்" என்றாள். நோல்ஃபா அதை மறுக்கவில்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஈயக் கோடு திடீரென்று திரையின் உச்சியை முட்டியது. பத்து நிமிஷம் பொறுத்தாள். மறுபடியும் உச்சி. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தது மாடியிலிருந்து தெரிந்தது. ஐலினுக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை. கீழே ஓடினாள்.

"கேப்டன், சங்கை ஊதுங்க. பிள்ளைங்க உள்ள போகணும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"திரையில இருக்கு. ஊதுங்க."

ஒனோஃப்ரே ஊதினார். பள்ளிக்கூடம் கதவை அடைத்தது. கடைகள் சாத்தின. துறைமுகத்தில் வேலை நின்றது. அம்மாக்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரம் ஊரே அடங்கிக் கிடந்தது. அப்புறம் தீயணைப்பு வீரர் ஒருவர் நிலையத்தின் பின்பக்கச் சுவர் மேல் ஏறிப் பார்த்துவிட்டு நோல்ஃபாவைக் கைகாட்டி அழைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுக் கொல்லை. அங்கே அக்கா புருஷன் எலியோதோரோ, மீன்பிடிக்கிறவர், ஒரு பழைய சட்டியில் ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார். புகை நேராக மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன கொழுந்தியா, சங்கு ஊதினாங்களே? எங்க தீ?" என்றார் எலியோதோரோ.

மறுநாள் ஊர் வானொலியில் கம்பெனியின் சுற்றுச்சூழல் பொறியாளர் வெர்கரா பேசினார். கத்தவில்லை, கேலி செய்யவில்லை. அதனாலேயே எல்லாரும் நம்பினார்கள். "நமது கொல்லைகளில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்" என்றார். அன்று சாயங்காலமே தேநீர்க் கடையில் நோல்ஃபாவைப் பார்த்தவர்கள் சங்கு மாதிரி ஊளையிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "சுதி பத்தலை, இன்னும் கொஞ்சம் மேல" என்று சொல்லிவிட்டு ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தின பிறகுதான் முகம் சிவந்தது.

எலியோதோரோ அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு நிலைமை வேறு மாதிரி.

"மாய்ரா எங்க வீட்டுலதானே வளருது, நோல்ஃபா. சட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்கும். பேத்தி ரத்தத்துல நானே வெஷத்தை ஏத்திட்டேனா?"

நோல்ஃபாவுக்குப் பொய் சொல்லித் தேற்ற வரவில்லை. "கொஞ்சம் இருக்கும் அத்தான். உங்களோடதும் இருக்கும். அந்தச் சட்டியை இனிமே தொடாதீங்க. ஆனா மத்த அறுபத்திரண்டு பிள்ளைங்களும் உங்க கொல்லையிலயா வளருது?" சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். "அத்தான், அந்தச் சட்டியை இன்னும் ஒரே ஒரு தடவை தொடணும்."

"இப்பத்தானே தொடாதேன்னே?"

"ஒரு தடவை. எனக்காக."

ஐலினிடம் போனில் தான் செய்த தவறை முழுசாகச் சொன்னாள். ஐலின் கோபித்துக்கொள்ளவில்லை. "ஈயக் கோட்டை மட்டும் பார்த்தீங்க, அக்கா. பக்கத்துல யார் நின்னான்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நோல்ஃபாவுக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் இல்லாத நேரமாகப் பார்த்து, மாய்ராவையும் அக்காவையும் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு, எலியோதோரோ கடைசியாக ஈயம் உருக்கினார். ஒனோஃப்ரே அவருக்குத் தீயணைப்பு முகமூடியும் முதுகில் காற்றுச் சிலிண்டரும் மாட்டிவிட்டிருந்தார்.

"இந்த வேஷத்துல என்னைப் பார்த்தா மீனே வலைக்குள்ள வராது" என்று முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாடியில் திரையில் ஈயக் கோடு உச்சிக்குப் போயிற்று. பக்கத்தில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடம் வெறுமை. செம்பும் இல்லை. நோல்ஃபா அதைப் பதிந்துகொண்டாள். அடுத்து மைதானத்து மண்ணை அள்ளி உறிஞ்சிக் குழாயின் முன்னால் உதறச் சொன்னாள். கால்சியம் மதில் மாதிரி எழும்பியது, இரும்பு எழும்பியது, ஈயமும் இருந்தது, ஆனால் கூட்டத்தின் கடைசியில். மூன்றாவதாக, துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு தீயணைப்பு வீரரின் மேல்சட்டையை உதறினார்கள். ஈயமும் துத்தநாகமும் ஜோடியாக எழும்பின, கொஞ்சம் செம்பு, கால்சியம் ஏறக்குறைய இல்லை.

ஒரே ஈயம்தான், ஆனால் மூன்று வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. யாருடன் சேர்ந்து வருகிறது என்பதில் எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை ஐந்து வாரத்துப் பதிவுகளை முதலிலிருந்து திறந்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. வேலை நாட்களில் காலை ஏழே முக்காலை ஒட்டி ஒரு மேடு. ஈயமும் துத்தநாகமும் ஜோடியாக. இருபது நிமிஷத்தில் அடங்கிவிடும். நாள் முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும். வடிதாளில் அதனால்தான் அது தெரியவேயில்லை. தினமும் அந்த நேரத்தில்தான் அவள் கண்ணாடி துடைப்பாள். துடைத்ததால் கோடு ஏறுகிறது என்று இத்தனை நாள் தானே நினைத்துத் தள்ளிவிட்டிருந்தாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேரம். ஆனால் அந்நேரம் கிடங்கு திறப்பதில்லை, கப்பலில் ஏற்றுவதும் இல்லை. குளிர்கால மூடுபனி இறங்கியிருக்கும், காற்று அசையாது. பழைய மண் பறக்கவும் வழியில்லை.

மறுநாள் காலை துடைக்காமல், திரையையும் பார்க்காமல், மாடிச் சுவரோரம் போய்ச் சும்மா நின்றாள். பனிக்குள் ரயில் சத்தம் வந்தது. ராத்திரியே பொடியை இறக்கிவிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பும் காலி வேகன்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய லெவல் கிராசிங்கில் தண்டவாளத்தில் இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் ஒவ்வொரு வேகனும் டமார் டமார் என்று குதித்தது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், அதனாலேயே காதில் விழாமல் போயிருந்த சத்தம். ஒவ்வொரு குதிப்புக்கும் வேகனின் இரும்பு மூடி திறந்து திறந்து அடித்துக்கொண்டது.

"காலி வேகன்னா காலியா?" என்று அவள் கேட்டது யாரையும் பார்த்து அல்ல. "உள்ள ஒட்டின பொடியை யார் துடைச்சா?"

ஆகஸ்ட் பத்தாம் தேதி சுரங்கத் தொழிலாளர் திருநாள். திங்கட்கிழமைதான், ஆனாலும் மலையில் வேலை இல்லை, ரயில் ஓடாது. அன்று காலை ஏழு மணியிலிருந்து ஒனோஃப்ரேயும் எலியோதோரோவும் நோல்ஃபாவும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஏழே முக்கால் ஆயிற்று. எட்டு ஆயிற்று. ஈயக் கோடு தலை தூக்கவில்லை. மறுநாள் ரயில் வந்தது, மேடும் வந்தது. ஐலின் முந்தின வாரமே அனுப்பிவைத்திருந்த நீளக் குழாயைத் தீயணைப்பு வண்டியின் ஏணியில் கட்டிக் கிராசிங் பக்கம் நீட்டினார்கள். மேடு நாலு மடங்காயிற்று.

மாதக் கடைசியில் நகராட்சி விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். நிற்க இடமில்லை. வெர்கரா எழுந்து, நோல்ஃபாவைப் பார்க்காமல் சபையைப் பார்த்துப் பேசினார்.

"கருவி நல்ல கருவி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை இயக்குகிற அம்மா போன மாதம் ஒரு மீன்பிடிச் சட்டிக்காகச் சங்கு ஊத வைத்தவர் என்பதை நாம் மறக்கக்கூடாது."

பின் வரிசையில் யாரோ ஊளையிட்டார்கள். சிரிப்பு பரவியது. நோல்ஃபா எழுந்து, சிரிப்பு அடங்கும்வரை கைகளைக் கோர்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா. நாந்தான் ஊதச் சொன்னேன். தப்பு என்னோடது. எங்க அத்தான் சட்டிங்க அது. நல்லவேளை பொறியாளர் ஞாபகப்படுத்தினாரு, அதுலேர்ந்துதான் நான் ஆரம்பிக்கணும்." மூன்று படங்களைத் திரையில் போட்டாள். "இது சட்டி. ஈயம் தனியா நிக்குது, துணைக்கு ஆள் இல்லை. இது நம்ம ஊர்ப் பழைய மண்ணு. ஈயம் இருக்கு, ஆனா முன்னாடி கால்சியம் நிக்குது. இது கிடங்குப் பொடி. ஈயமும் துத்தநாகமும் கை கோத்துக்கிட்டு வருது." நாலாவது படத்தைப் போட்டாள். "இது தினமும் காலையில ஏழே முக்காலுக்கு, காலி வேகனுங்க போறப்போ, பள்ளிக்கூட வாசல்ல வர்றது. எதை மாதிரி இருக்குன்னு நான் சொல்லலை. நீங்களே பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. எலியோதோரோ எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசி வழக்கமில்லாதவர்.

"சட்டி என்னோடதுதான். தூக்கிப் போட்டுட்டேன். நான் செஞ்ச தப்பை நான் நிறுத்திட்டேன்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலையும்போது வெர்கரா நோல்ஃபாவின் பக்கத்தில் வந்தார்.

"திருநாளன்று ரயில் இல்லாதபோது பதிவு இருக்கிறதா?"

"இருக்கு. காட்டவா?"

"வேண்டாம். நாளைக்குக் காலையில நானே வந்து பார்க்கிறேன்."

சொன்னபடி ஏழரைக்கு மாடி ஏறி வந்தார். நோல்ஃபா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ரயில் வந்தது. வேகன்கள் குதித்தன. பத்து நிமிஷம் கழித்து இரண்டு கோடுகளும் சேர்ந்து எழும்பின. அவர் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிப்போயிற்று.

"மூடி போட்டுத்தான் அனுப்பறோம்னு எழுதி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். "கொண்டி மாட்டறாங்களான்னு போய்ப் பார்த்ததில்லை."

"நானும்தான் அஞ்சு வாரமா கண்ணாடி துடைச்சதாலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் நோல்ஃபா. "இப்ப ரெண்டு பேரும் பாத்தாச்சு. யாருக்குப் போன் போடணுமோ போடுங்க."

அங்கிருந்தபடியே போட்டார். வெறும் போனில் எல்லாம் நடந்துவிடவில்லை. சுகாதாரத் துறை வந்து அளந்தது, பெற்றோர்கள் இரண்டு முறை கிராசிங்கில் தண்டவாளத்தின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், ஐலினின் பல்கலைக்கழகம் அறிக்கை எழுதியது. டிசம்பருக்குள் துறைமுகத்திலேயே காலி வேகன்களைக் கழுவும் இடம் வந்தது. மூடிகளுக்குப் புதுக் கொண்டி. கிராசிங்கில் தண்டவாளத்தைச் சேர்த்துப் பற்றவைத்தார்கள். மைதானத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டார்கள். சுகாதாரத் துறை மறுபடி வந்து அளந்தபோது காலை மேடு பத்தில் ஒன்றாகக் குறைந்திருந்தது. அடுத்த வருஷப் பரிசோதனையில் மாய்ராவின் ரத்தத்தில் ஈயம் பாதிக்குக் கீழே வந்திருந்தது. முழுக்கப் போகவில்லை. எலும்பில் சேர்ந்தது மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர். அக்கா அவளுக்குத் தினமும் பாலும் பருப்பும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐலினின் இயந்திரம் சொன்ன தேதியில் திரும்பிப் போயிற்று. நோல்ஃபா அதைத் துணியால் துடைத்து, தானே பெட்டியில் அடுக்கினாள். அப்புறம் நகராட்சிக்குப் போய், நமக்கென்று ஒன்று வேண்டும் என்றாள். எட்டு மாதம் வாரம் தவறாமல் போனாள். பார்த்தவுடனே மேயரின் உதவியாளர் எழுந்து போய்விடுவார் என்ற நிலை வந்தபோது இயந்திரமும் வந்தது. முந்தையதைவிடச் சின்னது, டிக் டிக் சத்தம் கொஞ்சம் கீச்சுக் குரல். தினமும் காலை எட்டரை மணிக்கு ஊர் வானொலியில் நோல்ஃபா வாசிக்கிறாள்: ஈயம் இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு, பிள்ளைகள் வெளியில் விளையாடலாம். அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. வடக்கே இன்னொரு துறைமுகத்துக்காரர்கள் தங்கள் ஊருக்கும் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். போவதாகச் சொல்லிவிட்டாள்.

இந்த வருஷம் மார்ச்சில், பள்ளி திறந்த முதல் வாரம், காலையில் மேடு மறுபடி எழும்பியது. ஈயம், துத்தநாகம், ஜோடியாக. நோல்ஃபா சங்கை நினைக்கவில்லை. சுவரோரம் போய் வேகன்களை எண்ணிவிட்டு வெர்கராவைக் கூப்பிட்டாள்.

"பொறியாளரே, கடைசியிலேர்ந்து ஏழாவது வேகன். வலது பக்கக் கொண்டி தொங்குது."

"மேல அடுத்த நிலையத்துலயே நிறுத்தச் சொல்றேன்" என்றார் அவர், ஏன் எதற்கு என்று கேட்காமல்.

பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டு, நிறுத்தினார்களா என்று கேட்டாள். நிறுத்தியிருந்தார்கள்.